சாப்பாட்டுக்கு முன்னாடியா... பின்னாடியா?

என் பக்கத்து சீட் நண்பருக்கு வயசு முப்பதுதான். ஆனால், இரண்டு மாடி ஏறுவதற்குள் நாலு தடவை நின்று மூச்சு வாங்குவார். ''தாத்தா வர்றார், வழி விடுங்கப்பா!'' என்று நாங்கள் கிண்டலடிப்போம்.

ரத்தம் டெஸ்ட் செய்தார்கள். ஹீமோகுளோபின் 9! ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. டாக்டர் இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனிதர் மூன்று மாதம் ஒருநாள் விடாமல் விழுங்கினார். மறுபடி டெஸ்ட்... 9.2!

''மாத்திரை டூப்ளிகேட்டா இருக்குமோ?'' என்று மருந்துக்கடைக்காரர் மேல் சந்தேகப்பட்டார் நண்பர். டாக்டர் கேட்டது ஒரே கேள்விதான்...

''எதோட சாப்பிடறீங்க?''

''காலைல ஃபில்டர் காபியோட, டாக்டர்!''

வில்லன் அங்கேதான் இருந்தான். காபி, டீயில் இருக்கும் பாலிஃபீனால் என்ற சமாச்சாரம் இரும்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குள் போக விடாது. ஆபீஸுக்கு வந்து, ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போடாமலே வீட்டுக்குத் திரும்பிய கதைதான்! பாலும் கால்சியம் மாத்திரையும்கூட இதே வேலையைச் செய்யும்.

இரும்பு மாத்திரைக்கு வெறும் வயிறுதான் உத்தமம். கூடவே எலுமிச்சை ஜூஸ் குடித்தால், அதிலிருக்கும் வைட்டமின் சி இரும்பைக் கைபிடித்து உள்ளே அழைத்துப் போகும். வயிற்றைப் புரட்டினால் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போடலாம். காபிக்கும் மாத்திரைக்கும் இடையே ஒன்றிரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வைட்டமின் டி-யின் குணம் நேர் எதிர். ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்பில் கரையும் ஜாதி. வெறும் வயிற்றில் போட்டால் அவ்வளவாகச் சேராது. மதியச் சாப்பாட்டோடு போட்டால் நன்றாகச் சேரும். 'அப்ப தினமும் நெய் ரோஸ்ட்டா?' என்று துள்ளாதீர்கள்... சாம்பாரில் தாளித்த எண்ணெயும் தயிரும் போதும்! இன்னொரு எச்சரிக்கை... வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுக்கும் 60,000 யூனிட் வைட்டமின் டி-யை, 'சீக்கிரம் தெம்பு வரட்டுமே' என்று தினம் ஒன்றாக விழுங்கக் கூடாது. ரத்தத்தில் கால்சியம் ஏறி கிட்னியைப் பதம் பார்த்துவிடும்.

கால்சியத்திலும் இரண்டு ரகம். கார்பனேட் என்று அட்டையில் போட்டிருந்தால் சாப்பாட்டோடு. அதைக் கரைக்க வயிற்று அமிலம் வேண்டும். சிட்ரேட் என்றால் எப்போது வேண்டுமானாலும். எதுவானாலும் ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால், உடம்பு வாங்கிக்கொள்ளும் பங்கு குறைந்துவிடும்.

பி-காம்ப்ளெக்ஸ் தண்ணீரில் கரைவது. போட்ட அன்று சிறுநீர் மஞ்சளாகப் போனால், 'மஞ்சள் காமாலை!' என்று அலறவேண்டாம். மிச்சமான பி-2 வெளியேறுகிறது, அவ்வளவுதான். பி-12 மட்டும் கொஞ்சம் பிகு பண்ணும். வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் துணைக்கு வந்தால்தான் சிறுகுடலின் கடைசியில் அதற்கு அனுமதி. அதனால்தான் 1,000 மைக்ரோகிராம் மாத்திரை போட்டாலும் உள்ளே போவது பத்துப் பன்னிரண்டுதான். பயப்படாதீர்கள், ஒருநாள் தேவை அதைவிடவும் குறைவு!

நண்பர் கதைக்கு வருவோம். காபியைத் தள்ளிவைத்ததோடு டாக்டர் விடவில்லை. ''ஆம்பளைக்கு இவ்வளவு இரும்பு எங்கேய்யா போகுது?'' என்று குடைந்தார். அப்புறம்தான் உண்மை வெளியே வந்தது... மூலத்தில் ஒரு வருஷமாக ரத்தம் போய்க்கொண்டிருந்திருக்கிறது. கூச்சப்பட்டுக்கொண்டு வீட்டில்கூடச் சொல்லவில்லை! ஓட்டைக் குடத்தில் எவ்வளவு தண்ணீர் ஊற்றி என்ன பிரயோஜனம்? அதற்கும் வைத்தியம் நடந்தது. ஹீமோகுளோபின் 13-ஐத் தாண்டியது.

நேற்று மாடிப்படியில் நான் நின்று மூச்சு வாங்கினேன். இரண்டிரண்டு படியாகத் தாவி ஏறிய நண்பர் மேலேயிருந்து குரல் கொடுத்தார்...

''என்ன தாத்தா, டெஸ்ட் பண்ணிக்கிட்டீங்களா?''