பெட்டிக்குள் இருந்த நூலகம்

நூல் சேர்த்தவர்கள் என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஆடவர்களே. மன்னர், ஜமீன்தார், புலவர், பேராசிரியர் என்று அந்த வரிசை நீளும். அவ்வரிசையில் பெயர் இடம்பெறாத பெண்களைப் பற்றியும், அவர்களால் நூலகங்கள் அடைந்த பயனைப் பற்றியும் இன்று சிறிது கூற விரும்புகிறேன்.

ராயபுரத்தில் என் பெரியம்மா வீட்டில், கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். வாரப் பத்திரிகையை வீட்டார் அனைவரும் படித்து முடித்தபின், பெரியம்மா அதன் கம்பியை நீக்கித் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து வைப்பார். கதை முடிந்ததும் அவற்றைப் பைண்டரிடம் கொடுத்து, காலிகோ முதுகு போட்டு வாங்கி வருவார். முதல் தாளில் தேதியும், யார் யார் இரவல் கொண்டு போனார்கள் என்ற விவரமும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும். அதே பெட்டியில் பழைய பஞ்சாங்கங்களும், பாட்டுப் புத்தகங்களும், பெரியப்பா கொண்டுவந்த சங்கக் கூட்ட நோட்டீஸ்களும் இருந்தன. எங்கள் தெருப் பெண்களுக்கு அந்தப் பெட்டியே வாசகசாலை.

பெரியம்மா மறைந்தபின் வீட்டைக் காலி செய்தபோது, அத்தனையையும் பழைய பேப்பர்க்காரரிடம் எடைக்குப் போட்டோம். அதற்குச் சம்மதித்தவர்களில் நானும் உண்டு. பல ஆண்டுகள் கழித்து, அவற்றுள் ஒரு கதையை அது முதலில் வெளிவந்த வடிவிலேயே பார்க்க வேண்டி, நூலகம் நூலகமாக அலைந்தேன். புத்தகம் கிடைத்தது, பத்திரிகைப் பக்கங்கள் கிடைக்கவில்லை. நாங்கள் எடைக்குப் போட்டது எது என்பது அன்றுதான் எனக்கு விளங்கிற்று.

இரண்டுக்கும் என்ன வேற்றுமை என்று நீங்கள் கேட்கலாம். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் வெளிவந்தபோது, அதனுடன் ஓவியர் மணியத்தின் சித்திரங்களும் வந்தன. பின்னாள் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அச்சித்திரங்கள் இல்லை. கதையின் ஓரத்தில் அச்சான விளம்பரமும், அடுத்த பக்கத்துத் துணுக்கும் எந்தப் பதிப்பிலும் இல்லை. அக்கால வாழ்வை ஆராய்பவருக்கு அவையும் சான்றுகளே அல்லவா?

பெரிய நூல்களைக் காக்கச் சட்டம் உண்டு. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் நம் கன்னிமாரா நூலகத்துக்கு வரவேண்டும். ஆனால் காலணாப் பாட்டுப் புத்தகமும், நாடக நோட்டீஸும், ஆலை வாயிலில் கொடுத்த துண்டுப் பிரசுரமும் பெரும்பாலும் அந்த வலையில் அகப்படுவதில்லை. அவை தப்பிப் பிழைப்பது வீட்டுப் பெட்டிகளிலேதான். அந்தப் பெட்டிகளின் சாவியோ பெரும்பாலும் பெண்களின் முந்தானையில் இருந்தது.

இது நம் நாட்டு வழக்கம் மட்டும் அன்று. இங்கிலாந்தில் 17-ஆம் நூற்றாண்டில் பிரான்செஸ் உல்ஃப்ரெஸ்டன் என்ற குடும்பப் பெண்மணி வாழ்ந்தார். அன்று மலிவாக விற்ற நாடகங்களையும் கதைப்பாட்டுகளையும் வாங்கி, பலவற்றில் ‘இது என் புத்தகம்’ என்னும் பொருள்படத் தம் பெயரை எழுதி வைத்தார். ஷேக்ஸ்பியரின் ‘வீனஸும் அடோனிஸும்’ 1593-இல் முதன்முதல் அச்சானது. அந்த முதற்பதிப்பில் இன்று உலகில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு படி. ஆக்ஸ்போர்டில் போட்லியன் நூலகத்தில் உள்ள அந்தப் படி இவ்வம்மையார் வைத்திருந்ததே. அறிஞர்கள் பொருட்படுத்தாத மலிவுப் பிரதியை ஒரு பெண் போற்றி வைத்ததனால் ஒரு மகாகவியின் முதல் அச்சு நமக்குக் கிடைத்தது. ஆயினும், அவர் குடும்பத்தில் எஞ்சிய தொகுப்பு 1856-இல் ஏலத்தில் சிதறிவிட்டது. ராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

சிதறாமல் காத்தவர் வரலாறும் ஒன்று உண்டு. நம் துறைமுகத்தில் ஒரு காலத்தில் வந்திறங்கிய மான்செஸ்டர் துணியை அறிவீர்கள். அந்நகரத்துப் பருத்தி வணிகர் ஜான் ரைலண்ட்ஸ் 1888-இல் காலமானார். அவர் மனைவி என்ரிக்கெட்டா கணவர் நினைவாக ஒரு நூலகம் எழுப்பினார். 1892-இல் ஸ்பென்சர் பிரபுவின் ஏறத்தாழ 40,000 நூல்களை மொத்தமாக விலைக்கு வாங்கினார். 1900-இல் அந்நூலகம் வாசகர்களுக்குத் திறக்கப்பட்டது. ஆலைப் புகை சூழ்ந்த நகரில், பிரபு வீட்டுப் புத்தகங்கள் பொதுவுடைமை ஆயின.

செல்வம் இருந்தால்தான் இது இயலும் என்று எண்ண வேண்டா. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகத்தைப் பாருங்கள். பா. கிருஷ்ணமூர்த்தியும், கல்லூரிப் பேராசிரியையாக விளங்கிய அவர் மனைவி டோரதி அம்மையாரும் தங்கள் ஊதியத்தைக் கொண்டே ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைச் சேர்த்தார்கள். அரிய முதற்பதிப்புகளைத் தேடி ஆராய்ச்சியாளர்கள் அங்கே செல்கிறார்கள். அம்பை என்று நாம் அறிந்த எழுத்தாளர் சி. எஸ். லக்ஷ்மி, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் 1988-இல் பம்பாயில் ‘ஸ்பாரோ’ என்னும் பெண்கள் ஆவணக் காப்பகத்தை நிறுவினார். பெண்களின் குரல்களும் படங்களும் அங்கே ஆவணங்களாக மதிக்கப்பெறுகின்றன.

இனி நம் பகுதிக்கு வருவோம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் ஆகிய இடங்களில் கடற்காற்றின் ஈரமும் உப்பும் காகிதத்துக்குப் பகை. பழைய பத்திரிகைத் தாள் மரக்கூழால் ஆனது. அதிலுள்ள அமிலமே நாளடைவில் அதைப் பழுப்பாக்கி நொறுங்கச் செய்யும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. தரையில் இருந்த பெட்டிகள் அத்தகைய நீருக்குத் தப்பமாட்டா.

ஆகவே சில சொல்வேன். பெட்டியைத் தரையில் வைக்காமல் உயரத்தில் வையுங்கள். நனைந்த தாளை வெயிலில் காய வைக்காமல் நிழலில் காற்றாட விடுங்கள். கிழிந்த இடத்தில் பிசின் நாடா ஒட்டாதீர்கள். அதன் பசை தாளைக் கறைப்படுத்தும். இருப்பவற்றுக்கு ஒரு பட்டியல் எழுதுங்கள். சேர்த்தவர் பெயரையும் ஊரையும் அதில் குறிக்க மறவாதீர்கள். பெயர் இல்லாத தொகுப்பு வெறும் பழைய தாளாகத் தோன்றும். பெயரும் ஊரும் சேர்ந்தால் அது ஒரு தெருவின் சரித்திரம். பின்னர் அந்தப் பட்டியலுடன் ஓர் ஆராய்ச்சி நூலகத்தாரை அணுகிக் கேளுங்கள். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதன்பின் எடைக்குப் போடலாம், கேட்குமுன் போடாதீர்கள்.

பெரியம்மா சேர்த்தவற்றில் என்னிடம் எஞ்சியிருப்பது ஒரே ஒரு பைண்டு. அப்போது அடுத்த வீட்டில் இரவல் போயிருந்ததால் அது தப்பியது. அதன் முதல் தாளில் பதினோரு பெண்களின் பெயர்கள் பென்சிலில் உள்ளன. அதை ஒரு நூலகத்துக்கு அளிக்க எண்ணியிருக்கிறேன். பன்னிரண்டாவதாகப் பெரியம்மாவின் பெயரையும் எழுதியே அளிப்பேன்.