பூனைக்கண்ணுக்கும் பிரெஞ்சில் பேர் உண்டு

எங்க புதுச்சேரியில் பிரான்சில் பிள்ளைகளை வைத்திருக்கும் வீடுகள் நிறைய. என் மகளும் கல்யாணமாகி பாரீஸ் பக்கம்தான் குடியிருக்கிறாள். வீட்டு இன்சூரன்சுக்காக நகைகளையெல்லாம் பிரெஞ்சில் எழுதிக் கொடுக்கணும் என்று போன வருஷம் போன் செய்தாள். "திருட்டுப் போனால் லிஸ்டில் என்ன எழுதியிருக்கோ அதைத்தாம்மா பார்ப்பாங்க" என்றாள். அன்றிலிருந்து ஒரு நோட்டில் சேர்த்து வைத்த சொற்களை, பிரான்சுக்குப் பெண்ணை அனுப்பும் தாய்மார்களுக்காக எழுதுகிறேன்.

சின்னச் சொற்கள் சுலபம். மோதிரம் 'பாக்', கல்யாண மோதிரம் மட்டும் 'அலியான்ஸ்'. கழுத்துக்குப் போடுவது 'கொலியே'. நாய்க்குக் கட்டும் பட்டைக்கும் அதே சொல்தான்! ஒட்டுத் தோட்டுக்கு 'ப்யூஸ்', அதாவது தெள்ளுப்பூச்சி. காதோடு ஒட்டிக் கிடப்பதால் போலும். தாலிக்கு அவர்களிடம் சொல் ஏது? 'தாலி' என்றே எழுதி, பக்கத்தில் எடையையும் காரட்டையும் போடு என்றேன்.

கல்லுக்கு வந்தால்தான் கவனம் வேணும். நமக்கு நவரத்தினம் ஒன்பதும் ரத்தினம். அவர்கள் கணக்கில் 'பியேர் ப்ரெசியேஸ்' என்பது நாலே நாலு: தியமான் (வைரம்), ருபி (மாணிக்கம்), சஃபீர் (நீலம்), எமெரோத் (மரகதம்). கோமேதகம் 'க்ரெனா' வகை. அது 'பியேர் ஃபீன்' என்ற அடுத்த வரிசையில்தான் வரும். வைடூரியத்துக்கு 'ஓய் த ஷா'. அதற்கும் பூனைக்கண் என்றுதான் அர்த்தம், நாம் சொல்கிற மாதிரியே. பவளம் 'கொராய்'. முத்து 'பெர்ல்', ஆனால் வெறும் மணிக்கும் 'பெர்ல்' என்றே சொல்வார்கள். 'பெர்ல் த வேர்' என்றிருந்தால் அது கண்ணாடி மணி. வளர்ப்பு முத்து என்றால் 'பெர்ல் த குல்த்யூர்' என்று இருக்கணும்.

மாணிக்கமும் நீலமும் ஒரே கனிமம். அதன் பிரெஞ்சுப் பெயர் 'கொரேன்தோன்'. நம்ம குருந்தக்கல்தான் அங்கே போய் அப்படி ஆகியிருக்கிறது!

எங்களுக்குச் சிக்கல் வந்தது புஷ்பராகத்தில். என் மாமியார் பேத்திக்குப் போட்ட மோதிரத்தில் மஞ்சள் கல். நம்ம கடைகளில் மஞ்சள் நீலத்தையும் புஷ்பராகம் என்பார்கள், தொபாஸ் கல்லையும் அப்படியே சொல்வார்கள். பிரெஞ்சில் முதலாவது 'சஃபீர் ழோன்', உயர்ந்த நாலில் சேர்ந்துவிடும். இரண்டாவது 'தொபாஸ்', ஃபீன் வரிசை. விலையிலும் நல்ல வித்தியாசம். அங்கேயே பரிசோதனைக்குக் கொடுத்தாள். தொபாஸ் என்று சீட்டு வந்தது. "பாட்டி புஷ்பராகம்னுதானேம்மா சொன்னாங்க" என்று அழாத குறை. "தொபாஸும் புஷ்பராகம்தாண்டி, பாட்டி பொய் சொல்லலை. சீட்டில் இருக்கிறபடியே எழுது" என்றேன். எழுதினாள். மோதிரத்தைக் கழற்றவில்லை.

பிரான்சில் 2002-லிருந்து கல்லின் பெயருக்கே சட்டம் இருக்கிறது. தொழிற்சாலையில் செய்த கல்லென்றால் 'சேன்தெதிக்' என்று சொல்லியே விற்கணும். 'அரை ரத்தினம்' என்ற பொருளில் வரும் சொல்லுக்கும் தடை.

தங்கம் 'ஓர்', வெள்ளி 'அர்ழான்'. பணத்துக்கும் அர்ழான்தான். 'ப்ளாக்கே ஓர்' என்றால் தங்க முலாம். 'வெர்மேய்' என்றால் உள்ளே வெள்ளி, மேலே தங்கம். பேர் அழகாயிருக்கே என்று ஏமாறக்கூடாது. அங்கே வழக்கம் 18 காரட், 750 என்று போட்டிருக்கும். 1838-லிருந்து அதற்கு முத்திரை கழுகுத் தலை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் தெரியும்.

பாரீசில் 1777-ல் பதினாறாம் லூயி ராஜா உத்தரவால் ஏற்பட்ட அடகுக் கடை ஒன்று உண்டு. இன்றும் நகர நிர்வாகத்தின் பொறுப்பில் நகைக்குக் கடன் கொடுக்கிறது. அதற்கு ஜனங்கள் வைத்த செல்லப் பெயர் 'மா தான்த்', என் அத்தை! (சித்தி, பெரியம்மாவுக்கும் அவர்களுக்கு இதே சொல்தான்.) ஒரு ராஜகுமாரன் சூதாட்டக் கடனுக்குக் கடிகாரத்தை அங்கே வைத்துவிட்டு, அம்மா கேட்டதும் "அத்தை வீட்டில் மறந்துட்டேன்" என்றானாம்.

இன்னொன்று. இங்கிருந்து மோதிரம் செய்து அனுப்புகிறவர்கள், பெண் சொல்லும் அளவு எண்ணை நம்ம ஆசாரியிடம் அப்படியே சொல்லிவிடாதீர்கள். அவர்கள் 52, 54 என்பது விரலின் சுற்றளவு, மில்லி மீட்டரில். அந்த நீளத்துக்கு ஒரு நூலை வெட்டி ஆசாரியிடம் கொடுங்கள், போதும்.

– ஒரு இல்லத்தரசி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி.