மருத்துவக் கல்வியின் சமூகப் பொறுப்புக்கூறல்

மருத்துவக் கல்வியின் சமூகப் பொறுப்புக்கூறல் என்பது, ஒரு மருத்துவக் கல்லூரி தன் பாடம், ஆய்வு, சிகிச்சைப் பணி ஆகியவற்றைத் தான் சேவை செய்ய வேண்டிய மக்களின் முதன்மையான உடல்நலத் தேவைகளை நோக்கி அமைத்துக்கொள்ளும் கடமையாகும். உலக சுகாதார நிறுவனம் 1995 இல் வெளியிட்ட ஆவணத்தில் சார்லஸ் போலன், ஜெப்ரி ஹெக் ஆகியோர் இவ்வாறு வரையறுத்தனர். அத்தேவைகள் எவை என்பதை அரசு, சுகாதார அமைப்புகள், மருத்துவத் துறையினர், பொதுமக்கள் ஆகியோர் சேர்ந்து அடையாளம் காண வேண்டும் என்பதும் வரையறையின் ஒரு பகுதி. நடைமுறையில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்தப் பகுதிதான்.

ஊருக்குச் சென்று மருத்துவ முகாம் நடத்துவதுடன் இக்கடமை முடிவதில்லை. கல்லூரியில் படித்தவர்கள் இன்று எங்கே பணிபுரிகிறார்கள், சுற்றுவட்டார ஊர்களில் அதனால் என்ன மாறியது என்ற கேள்விகளுக்கும் கல்லூரி பதில் சொல்ல வேண்டும்.

இக்கருத்துக்கு வரையறை பிறக்கும் முன்பே அதைச் செய்துகாட்டிய பள்ளி ஒன்று பிலிப்பைன்சின் லெய்டே தீவில் உள்ளது. பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகம் 1976 இல் தொடங்கிய சுகாதார அறிவியல் பள்ளி அது. மருத்துவர்களும் செவிலியர்களும் வெளிநாடுகளுக்குச் சென்றுகொண்டிருந்த காலம். இங்கு மாணவரை முன்மொழிவது அவருடைய ஊர். படிப்பு ஏணிப்படி போன்றது: முதலில் மருத்துவச்சிப் பயிற்சி, அடுத்துச் செவிலியர், பின்னர் மருத்துவர். ஒரு படி முடிந்ததும் மாணவர் ஊருக்குத் திரும்பி அப்பணியைச் செய்வார். ஊர் ஒப்புதல் தந்தால் அடுத்த படிக்கு வருவார். இடையில் நின்றுவிட்டவரைத் தோற்றவர் என்று சொல்ல முடியாது. அந்த ஊருக்கு ஒரு மருத்துவச்சியோ செவிலியரோ கிடைத்துவிடுகிறார். இதே முறை பின்னர் பாலேர், கொரொனடால் ஆகிய ஊர்களுக்கும் சென்றது.

கிராமப்புறத்தில் வளர்ந்த மாணவர்களே கிராமத்தில் பணிபுரிய அதிகம் முன்வருகின்றனர் என்பது பல நாடுகளில் காணப்பட்ட உண்மை. அத்தகையோரைச் சேர்க்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமும் 2010 இல் பரிந்துரைத்தது.

இந்தியாவில் மருத்துவப் படிப்புக்கான இடம் நீட் தேர்வு மதிப்பெண்ணால் முடிவாகிறது. மாணவர் தேர்வில் ஊருக்குப் பங்கில்லை. தேசிய மருத்துவ ஆணையம் கொண்டுவந்த குடும்பத் தத்தெடுப்புத் திட்டத்தில் மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தொடர்ந்து சந்திக்கின்றனர். பயனுள்ள பயிற்சிதான். ஆனால் 'தத்து' என்ற சொல்லே யார் பொறுப்பாளர், யார் பெறுபவர் என்பதைக் காட்டிவிடுகிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் பழைய வழக்கம் லெய்டே முறைக்குச் சற்று நெருக்கமானது: திருச்சபைகளின் ஆதரவில் சேர்ந்த மாணவர்கள், படிப்பு முடிந்ததும் அவற்றின் மருத்துவமனைகளில் 2 ஆண்டுகள் பணிபுரிய வேண்டும்.

தமிழ்நாட்டில் அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கு முதுநிலைப் படிப்பில் இடஒதுக்கீடு உண்டு. இத்தகைய ஒதுக்கீடு வழங்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என உச்ச நீதிமன்றம் 2020 இல் தீர்ப்பளித்தது. ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு இளம் மருத்துவர்கள் வர இது ஒரு காரணம். சிறப்பு மருத்துவம் படித்து முடித்தவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கேற்ற வேலை இருப்பதில்லை. அவர் பெரிய மருத்துவமனைக்குப் போகிறார், ஊருக்கு மீண்டும் ஒரு புதியவர் வருகிறார்.