கல்கத்தாவில் ஒரு சீனத் தெரு

கல்கத்தாவுக்குப் போகிறவர்கள் காளி கோயிலையும் ஹௌரா பாலத்தையும் பார்த்துவிட்டுத் திரும்புவது வழக்கம். நாமோ ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், லால் பஜார் போலீஸ் தலைமைக் காரியாலயத்துக்கு அருகிலுள்ள திரெட்டா பஜாருக்குப் போய்ச் சேர்ந்தோம்.

வீதியோரப் பாத்திரங்களில் ஆவி பறந்துகொண்டிருந்தது. உள்ளே கொழுக்கட்டைகள்! ஆனால் பூரணம் தேங்காயும் வெல்லமும் அல்ல. இறாலும் பன்றி இறைச்சியும். மரக்கறி உணவுக்காரரான நம் நண்பர் தேநீருடன் நிறுத்திக்கொண்டார். கடையிலிருந்த மூதாட்டியின் முகம் சீன முகம். கணக்குச் சொன்ன பாஷையோ வங்காளி.

இவர்கள் நேற்று வந்தவர்கள் அல்லர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில், அச்சியூ என்ற சீனர் பட்ஜ் பட்ஜுக்கு அருகே நிலம் பெற்றுச் சர்க்கரை ஆலை வைத்தார். அந்த ஊர் இன்றும் அச்சிப்பூர் என்றே வழங்குகிறது. சீனப் புத்தாண்டுக் காலத்தில் கல்கத்தாச் சீனர்கள் அவருடைய சமாதிக்குச் சென்று வணங்கி வருகிறார்கள். அவருக்குப் பின் வந்தவர்களில் காண்டன் பக்கத்தார் தச்சு வேலையிலும், ஹக்கா வகுப்பினர் தோல் பதனிடுவதிலும் பாதரட்சை செய்வதிலும், ஹூபே மாகாணத்தார் பல் வைத்தியத்திலும் பெயர் பெற்றார்கள்.

1905-இல் எழுந்த ஸீ யிப் கோயிலைக் கண்டோம். ஊரார் இதைச் 'சர்ச்' என்கிறார்கள். உள்ளே எழுந்தருளியிருப்பவளோ குவான் யின் தேவி. நம் தேசத்திலிருந்து சென்ற அவலோகிதேசுவரப் போதிசத்துவரே சீனத்தில் இந்தப் பெண்வடிவம் கொண்டார். நகரின் கிழக்கே தாங்கிராவில் சீனர்கள் காளிக்கே கோயில் கட்டி, நூடுல்ஸை நிவேதனம் செய்கிறார்கள்!

இத்தனை உறவும் 1962-இல் ஒரே மாதத்தில் மறந்துபோயிற்று. சீனாவுடன் எல்லைப்போர் மூண்டதும், அஸ்ஸாம், டார்ஜிலிங் முதலிய இடங்களிலிருந்து சுமார் 3,000 சீன வம்சத்தவர், குழந்தைகள் உட்பட, ராஜஸ்தானத்துத் தேவ்லி முகாமுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். விசாரணை இல்லை. சிலர் அங்கே நான்கு வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். கல்கத்தாவில் தங்கியவர்களும் போலீஸ் அநுமதியின்றி வெளியூர் போக முடியவில்லை. பின்பு பலர் கானடாவுக்கும் பிற தேசங்களுக்கும் குடிபெயர்ந்தனர். அதனால்தான் திரெட்டா பஜாரில் இன்று கடைகள் சொற்பமாக இருக்கின்றன.

தேவ்லி என்ற பெயர் நமக்குப் புதிதன்று. 1941-இல் ஜெயப்பிரகாச நாராயணர் முதலிய தேசபக்தர்களை அந்நிய சர்க்கார் விசாரணையின்றி அடைத்து வைத்த அதே முகாம் அது. அன்று நாம் அதை அநீதி என்றோம். சுதந்திரம் பெற்ற பின் நம் கையாலேயே அது நடந்தபோது எத்தனை பேர் வாய் திறந்தோம்?

எட்டு மணிக்கெல்லாம் பாத்திரங்கள் காலியாகிவிட்டன. கல்கத்தாவுக்குப் போகும் அன்பர்கள் சற்று முன்னதாக எழுந்து, இந்தத் தெருவுக்கும் ஒருமுறை போய் வரவேண்டும். இங்கே இருப்பவர்கள் விருந்தாளிகள் அல்லர், நம்மவர்.