டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

பெங்களூர் நீலசந்திராவில் எங்கள் பக்கத்து வீட்டுப் பையன் போன வாரம் ஜிம்மிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தான். உள்ளே அரைக் கிலோ புரோட்டீன் பவுடர், பெரிய டப்பாவிலிருந்து அள்ளிக் கட்டியது. லேபிள் இல்லை, பில் இல்லை. "மாஸ்டர் கொடுத்ததுதானே ஆன்ட்டி" என்றான்.

மருந்துக் கடையில் விற்றாலும் இந்த மாதிரி பவுடரும் பல வைட்டமின் மாத்திரைகளும் சட்டப்படி உணவுதான். இவற்றுக்கான விதிகளை இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016-இல் கொண்டுவந்தது. ஸ்டீராய்டு, ஹார்மோன் எதுவும் சேர்க்கக் கூடாது. டப்பாவின் மேல் 14 இலக்க உரிம எண்ணும், 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்ற எச்சரிக்கையும், ஒரு நாளைக்கு எவ்வளவு என்ற அளவும் இருக்க வேண்டும். அந்த எண்ணை எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ.யின் 'ஃபாஸ்காஸ்' தளத்தில் போட்டால் உரிமம் யார் பேரில் என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை.

லேபிள் இருந்துவிட்டால் போதுமா? கேரள மருத்துவர் சிரியாக் ஆபி பிலிப்ஸும் குழுவினரும் இந்தியாவில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 விழுக்காட்டில் லேபிளில் போட்ட புரோட்டீன் கணக்கு தப்பு. சிலவற்றில் அஃப்ளடாக்சின் என்ற பூஞ்சை நச்சும் இருந்தது. ஈரலைக் கெடுப்பது அது.

சந்தேகம் இருந்தால், வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, வாங்கியவரே கட்டணம் கட்டிப் பொருளைப் பரிசோதனைக்குக் கொடுக்கலாம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40-வது பிரிவு அதற்கு இடம் தருகிறது; குறை நிரூபணமானால் கட்டிய பணம் திரும்பி வரும். இது பலருக்குத் தெரியாது. உடம்புக்கு ஏதாவது ஆனால் உடனே நிறுத்திவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டே டாக்டரிடம் போங்கள். மிச்சப் பவுடரைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் சாட்சி.

பணத்துக்கும் நஷ்டஈட்டுக்கும் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் போடலாம், தமிழிலும் பேசலாம். அங்கே தீரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பெங்களூரிலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

இத்தனைக்கும் கையில் பில் வேண்டும். பையன் மறுநாள் போய்க் கேட்டிருக்கிறான். "டீக்கடையில பில் கேக்கறியாடா?" என்றாராம் மாஸ்டர்.