பேஸ் பெட்டிக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

திருமண விருந்தில் இசைக்குழு பாடத் தொடங்கியதும் நம் கண்கள் பாடகரைத் தேடும். காதுகள் கீபோர்டையும் தபேலாவையும் பிடித்துக்கொள்ளும். ஓர் ஓரமாக நின்று பேஸ் கிட்டார் வாசிப்பவரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் அவர் நிறுத்திப் பாருங்கள், பாட்டு நிற்கக் காலில்லாமல் தவிக்கும். இளையராஜாவின் பாடல்களில் சசிதரனும், ஏ.ஆர். ரஹ்மானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸும் வாசித்ததைக் காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

வானொலி வேலைக்கு வெளியே, ஜொகூர் பாரு வட்டாரத் திருமண நிகழ்ச்சிகளை நெறியாளராக நடத்துவதும் எனக்கு வழக்கம். மேடையில் நான் நிற்கும் இடம் பெரும்பாலும் பேஸ் பெட்டிக்குப் பக்கத்தில்தான். அந்தப் பெட்டி களைத்துப் போயிருந்தால் முதலில் தெரிவது எனக்குத்தான். இசை 'தும் தும்' என்று கேட்காமல் ஒரே குழறலாக மண்டபத்தை நிறைக்கும். நான் வாசிக்கும் பெரியவர்களின் பெயர்கள் அந்தக் குழறலில் மூழ்கிப்போகும்.

ஸ்கூடாயில் இருக்கும் நண்பர் ஒருவர், பகலில் தொழிற்சாலை வேலை, வார இறுதியில் பேஸ் வாசிப்பு என்று இருப்பவர். அவருடைய பெட்டியில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் இரண்டு. அவற்றில் ஒன்று கரகரக்கத் தொடங்கியது. “400 வாட் ஸ்பீக்கர் ஒரு ஜோடி மலிவாகக் கிடைக்கிறது, போட்டுவிடலாமா?” என்று கேட்டார். சில நூறு வெள்ளிதான் செலவு. ஆனால் தவறான ஜோடியை மாட்டினால், அவர் பல மாதக் கச்சேரிப் பணத்தைச் சேர்த்து வாங்கிய ஆம்ப்ளிஃபையரே பாழாகலாம். அதுவும் யாரோ ஒருவரின் திருமணத்தின் நடுவில்!

பேஸ் ஸ்பீக்கருக்கு ஏன் இவ்வளவு யோசனை? நான்கு தந்தி பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த சுரம் வினாடிக்கு ஏறக்குறைய 41 அதிர்வுகள்; ஐந்து தந்திக் கருவியில் அது 31. இவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்ப நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கைப்பேசியில் பாட்டுக் கேட்கும்போது பேஸ் காணாமல் போவது இதனால்தான். கைப்பேசிக்குள் இருக்கும் சின்ன ஸ்பீக்கரால் அவ்வளவு காற்றை நகர்த்த முடியாது.

அதற்காகப் பெரிய ஸ்பீக்கர்தான் நல்ல பேஸ் என்றும் சொல்லிவிட முடியாது. 1969இல் ஆம்பெக் நிறுவனம் வெளியிட்ட 300 வாட் எஸ்.வி.டி. ஆம்ப்ளிஃபையரோடு வந்த பெட்டியில் இருந்தவை எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள். பெரிய மேடைகளில் இன்றும் அந்த வகைப் பெட்டியைப் பார்க்கலாம். ஸ்பீக்கரும் பெட்டியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதுதான் முக்கியம். அந்தப் பொருத்தத்தை எண்களாகக் கணக்கிடும் வழியை 1961இல் ஆஸ்திரேலியப் பொறியாளர் நெவில் தீல் ஒரு கட்டுரையில் காட்டினார். 1970களில் ரிச்சர்ட் ஸ்மால் அதை விரிவாக்கினார். ஸ்பீக்கரின் தகவல் தாளில் இன்றும் அச்சாகும் 'தீல்–ஸ்மால்' எண்கள் இவர்கள் பெயரில் வந்தவைதான்.

கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கிறோம். இங்கே மூன்று போதும்.

முதலாவது, ஓம் பொருத்தம். கோயிலில் சொல்லும் ஓம் அல்ல, இது மின்தடையின் அளவு. நண்பரின் பழைய ஸ்பீக்கர்கள் ஒவ்வொன்றும் 8 ஓம். இரண்டும் பக்க இணைப்பில் இருந்ததால் ஆம்ப்ளிஃபையருக்குத் தெரிவது 4 ஓம். அந்த ஆம்ப்ளிஃபையரின் பின்புறத்தில் 'குறைந்தது 4 ஓம்' என்றுதான் எழுதியிருந்தது. மலிவாகக் கிடைத்த ஜோடியோ தலா 4 ஓம். அப்படியே மாட்டியிருந்தால் மொத்தம் 2 ஓம். ஆம்ப்ளிஃபையர் இரு மடங்கு மின்னோட்டம் கொடுக்க முயன்று சூடேறும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் தானாக நின்றுவிடும், இல்லாவிட்டால் கருகிவிடும். தொடர் இணைப்பில் போட்டால் 8 ஓம் ஆகும், ஆபத்தில்லை. ஆனால் கிடைக்கும் சக்தி ஏறக்குறையப் பாதியாகக் குறையும்.

இரண்டாவது, ஒலித்திறன் பொருத்தம். 'வாட்' என்பது ஸ்பீக்கர் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லும் அளவு. எவ்வளவு சத்தமாக ஒலிக்கும் என்பதை அது சொல்லாது. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தூரத்தில் அளக்கும் டெசிபல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும். 94 டெசிபல் ஸ்பீக்கருக்குப் பதில் 97 டெசிபல் ஸ்பீக்கர் போட்டால், ஆம்ப்ளிஃபையரின் சக்தியை இரு மடங்காக்கியதற்குச் சமம். வெறும் வாட்டை மட்டும் கூட்டினால், அதிகப் பணம் கொடுத்து அதே சத்தத்தைத்தான் கேட்போம்.

மூன்றாவது, பெட்டிப் பொருத்தம். லீட் கிட்டாருக்கான ஸ்பீக்கரும் பேஸ் ஸ்பீக்கரும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். ஆனால் லீட் கிட்டார் ஸ்பீக்கர்களில் பலவற்றின் இயல்பான அதிர்வு 75 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. 41 ஹெர்ட்ஸ் சுரத்தை உரக்க வாசித்தால் அவற்றால் தாக்குப்பிடிக்க முடியாது. காற்றுத் துளை உள்ள பெட்டியில் கவனம் இன்னும் தேவை. துளைக்குக் குறித்த அளவுக்கும் கீழே சுரம் இறங்கும்போது, கூம்பைப் பிடித்து நிறுத்தக் காற்றழுத்தம் இருக்காது. வாட் கணக்கு சரியாக இருந்தாலும் கூம்பு எல்லை மீறி ஆடிக் கிழிந்துவிடும். எனவே பெட்டி தயாரித்தவரின் பரிந்துரையையோ, பழைய ஸ்பீக்கரின் தீல்–ஸ்மால் எண்களையோ புதியதோடு ஒப்பிட வேண்டும்.

நண்பர் அந்த 4 ஓம் ஜோடியை வாங்கவில்லை. பேஸுக்கென்றே செய்த 8 ஓம் ஜோடியைத் தேர்ந்தெடுத்தார். நியோடைமியம் காந்தம் கொண்டது என்பதால் விலை கொஞ்சம் கூடுதல். ஆனால் எடை பழையதில் ஏறக்குறையப் பாதிதான். மண்டபத்தின் படிகளில் பெட்டியைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். கெட்டது ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றினார். வேறு வேறு வகை ஸ்பீக்கர்கள் ஒரே பெட்டியில் இருந்தால், ஒன்று சும்மா இருக்கும்போது மற்றொன்று அடிவாங்கும்.

மாட்டும் வேலை ஒரு மாலைப்பொழுதில் முடிந்தது. ஆம்ப்ளிஃபையர் இணைப்பைக் கழற்றி, பழைய கம்பிகள் இருந்த விதத்தைப் படம் எடுத்துக்கொண்டார். 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஸ்பீக்கரின் நேர்முனையில் கணநேரம் தொட்டால் கூம்பு வெளியே வர வேண்டும். இரண்டும் ஒரே திசையில் நகர வேண்டும். ஒன்று வெளியேயும் மற்றது உள்ளேயும் போனால், எழும் பேஸ் ஒன்றையொன்று அழித்துவிடும். திருகுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் காற்றுக் கசியாது. கடைசியாக மல்டிமீட்டரால் அளந்தார். 4 ஓம் பெட்டி 3 ஓம் அளவில் காட்டினால் அதுவே சரி. மீட்டர் அளப்பது நேர் மின்னோட்டத் தடையை என்பதால் எண் சற்றுக் குறைவாகத்தான் இருக்கும்.

புதியது வாங்குவதற்கு முன் இன்னொன்றும் யோசிக்கலாம். பெரிய மண்டபங்களில் பேஸ் ஒலி நேரடியாக மிக்சருக்குப் போய், மண்டப ஸ்பீக்கர்கள் வழியாகத்தான் விருந்தினரை அடைகிறது. மேடைப் பெட்டி வாசிப்பவர்கள் கேட்பதற்கு மட்டுமே. அங்கே குழறல் இருந்தால் குற்றம் பெட்டியுடையதாக இல்லாமலும் இருக்கலாம். பெட்டியை மூலையிலிருந்து நகர்த்தி வைப்பதும், தளர்ந்த திருகை இறுக்குவதும் செலவில்லாத வைத்தியங்கள். கூம்பு மட்டும் கிழிந்திருந்தால் அதை மாற்றித் தரும் கைவினைஞர்களும் இருக்கிறார்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்போது பேஸ் கற்றுக்கொள்கிறார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது: நல்ல ஸ்பீக்கர் வாங்குவது தெளிவுக்காக, சத்தத்துக்காக அல்ல. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுப் பணியிட ஒலி விதிமுறைகள், ஒரு தொழிலாளி 8 மணி நேரத்தில் எதிர்கொள்ளும் சராசரி ஒலிக்கு 85 டெசிபலை எல்லையாக வைக்கின்றன. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 94 டெசிபலில் அது ஒரு மணி நேரம்தான். மேடையில் நிற்பவர்களுக்கும், முன்வரிசையில் அமரும் தாத்தா பாட்டிக்கும், மடியில் இருக்கும் குழந்தைக்கும் இந்தக் கணக்கு பொருந்தும்.

கடைக்காரரிடம் காசு கொடுப்பதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை ஓம்? 1 வாட்டுக்கு எத்தனை டெசிபல்? என் பெட்டிக்கு இது ஒத்துவருமா? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு வாட் எண்ணைப் பார்த்தால் போதும்.