இராணுவச் செவிலியர் பணிக்கு விண்ணப்பித்தல்

இராணுவச் செவிலியர் சேவை என்பது இந்திய ஆயுதப்படை மருத்துவச் சேவைகளின் ஒரு பகுதியாகும். தரைப்படை, கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றின் மருத்துவமனைகளிலும் இச்சேவையைச் சேர்ந்த செவிலியர்கள் பணிபுரிகின்றனர். இவர்கள் அதிகாரி நிலையில் உள்ளவர்கள். தொடக்கத் தரம் லெப்டினன்ட். இச்சேவையில் சேரும் வழிகள், தேர்வின் கட்டங்கள், முடிவு தெரியாமல் காத்திருக்கும் மாதங்களைக் கையாளும் முறை ஆகியவற்றைத் தேனி மாவட்டம், குறிப்பாகக் கம்பம் பள்ளத்தாக்கு மாணவியரை மனத்தில் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

வரலாறு

1888 மார்ச் 28 அன்று பத்துப் பிரித்தானியச் செவிலியர்கள் பம்பாயில் வந்திறங்கினர். இந்தியாவிலிருந்த இராணுவ மருத்துவமனைகளில் செவிலியப் பணியை ஒழுங்குபடுத்துவது அவர்களுக்கு இடப்பட்ட பொறுப்பு. முதல் உலகப்போர்க் காலத்தில் இந்தியப் பெண்களும் சேர்க்கப்பட்டனர். 1926 அக்டோபர் 1 அன்று இந்திய இராணுவச் செவிலியர் சேவை நிரந்தர அமைப்பாக உருவாயிற்று. இந்நாளே இன்றும் அதன் நிறுவன நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1943-ஆம் ஆண்டின் அவசரச் சட்டம் இச்சேவைக்குச் சட்ட அடிப்படையைத் தந்தது.

1976-ல் இச்சேவையின் தலைவராக இருந்த கெர்ட்ரூட் அலி ராம் இந்திய இராணுவத்தில் மேஜர் ஜெனரல் தரத்தை எட்டிய முதல் பெண் ஆனார். 2023-ல் கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்ந்த இக்னேஷியஸ் டெலோஸ் புளோரா அதே தரத்துக்கு உயர்ந்தார். தமிழ்நாட்டிலிருந்து மேஜர் ஜெனரலான முதல் பெண் இவர்.

இரண்டு நுழைவாயில்கள்

இச்சேவைக்குள் செல்ல முதன்மையாக இரண்டு வழிகள் உள்ளன.

முதல் வழி பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் வருவது. ஆயுதப்படைகளின் ஆறு செவிலியர் கல்லூரிகளில் நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் சேர்ந்து, முடித்தபின் அதிகாரியாகப் பணியமர்வது. புனே, மும்பை, லக்னோ, பெங்களூரு ஆகிய இடங்களிலுள்ள கல்லூரிகளுக்குத் தலா 40 இடங்களும், கொல்கத்தா, புதுதில்லி கல்லூரிகளுக்குத் தலா 30 இடங்களும் என மொத்தம் 220 இடங்கள். பயிற்சிக் காலத்தில் தங்குமிடமும் உணவும் இலவசம். சீருடைப் படியும் மாத உதவித்தொகையும் உண்டு. இதற்கு ஈடாக, படிப்பு முடிந்ததும் இச்சேவையில் பணிபுரிவதாக மாணவி ஒப்பந்தம் எழுதித்தர வேண்டும். இடையில் விலகினால் ஒப்பந்தத்தில் குறித்த தொகையைத் திருப்பிக் கட்ட நேரிடும். கையெழுத்திடும் முன் பெற்றோர் அந்தத் தாளை முழுவதும் படிக்கச் செய்து கேட்டுக்கொள்வது அவசியம்.

இரண்டாவது வழி குறுகிய காலப் பணியமர்வு. வெளிக் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர்கள் இதற்கு விண்ணப்பிக்கலாம். 2023 டிசம்பரில் வந்த அறிவிப்பின்படி வயது வரம்பு 21 முதல் 35 வரை. அதற்கான கணினிவழித் தேர்வு 2024 சனவரியில் நடந்தது. இந்த அறிவிப்பு ஆண்டுதோறும் தவறாமல் வரும் என்று எதிர்பார்க்க இயலாது. ஆனால் பதினெட்டு வயதில் முதல் வாயில் மூடிவிட்டாலும், செவிலியர் படிப்பை வேறு எங்காவது முடித்தவருக்கு இன்னொரு வாயில் பல ஆண்டுகள் இருக்கிறது. இக்கட்டுரையில் பின்னர் வரும் எல்லா ஆலோசனைகளுக்கும் இதுவே அடிப்படை.

தகுதியும் பாடத்தொகுதியும்

பி.எஸ்சி. படிப்புக்குப் பெண்கள் மட்டுமே விண்ணப்பிக்க முடியும். திருமணமாகாதவராக இருக்க வேண்டும். மணவிலக்குப் பெற்றவர், குழந்தைகளில்லாத கைம்பெண் ஆகியோருக்கும் அறிவிப்பில் இடமளிக்கப்பட்டுள்ளது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் ஆகிய பாடங்களை முறையான பள்ளியில் படித்து, முதல் முயற்சியிலேயே, மொத்தத்தில் 50 விழுக்காட்டுக்குக் குறையாமல் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும்.

இதில் பலர் தவறவிடும் செய்தி ஒன்று உண்டு. மேல்நிலைப் பள்ளிகளில் தொழிற்கல்விப் பிரிவில் நர்சிங் என்ற பாடத்தொகுதி இருக்கிறது. பெயரைப் பார்த்து, செவிலியராக விரும்பும் மாணவி அதிலே சேர்ந்துவிடுகிறாள். இயற்பியலும் வேதியியலும் தனிப்பாடங்களாக இல்லாததால் அத்தொகுதி இராணுவக் கல்லூரிகளின் தகுதிக்குப் பொருந்தாது. எனவே முடிவெடுக்க வேண்டிய காலம் பத்தாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறை. கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம், போடிநாயக்கனூர் என எந்த ஊர்ப் பள்ளியானாலும், பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் தொகுதியா என்பதை அப்போதே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

தேர்வின் கட்டங்கள்

2022 முதல் இராணுவ நர்சிங் கல்லூரிச் சேர்க்கைக்கு நீட் இளநிலைத் தேர்வின் மதிப்பெண் அடிப்படையாக உள்ளது. அதற்கு முன் தனி நுழைவுத் தேர்வு நடந்துவந்தது. இப்போதைய வரிசை வருமாறு:

1. நீட் தேர்வுக்கு விண்ணப்பித்து எழுதித் தகுதி பெறுதல்.
2. இந்தியத் தரைப்படையின் ஆள்சேர்ப்பு இணையத்தளத்தில் இப்படிப்புக்குத் தனியாக விண்ணப்பித்தல்.
3. நீட் மதிப்பெண் அடிப்படையில் சுருக்கப்பட்டியலில் இடம்பெறுதல்.
4. பொது நுண்ணறிவு, பொது ஆங்கிலம் ஆகியவற்றில் கணினிவழித் தேர்வு.
5. உளவியல் மதிப்பீடும் நேர்காணலும்.
6. மருத்துவப் பரிசோதனை.
7. இறுதித் தகுதிப் பட்டியல்.

நீட் எழுதினாலே விண்ணப்பித்ததாகிவிடும் என்று எண்ணி இரண்டாம் படியைக் கோட்டை விடுவோர் உண்டு. அந்த இணையவழி விண்ணப்பம் சில நாள்களோ சில வாரங்களோ மட்டுமே திறந்திருக்கும். அந்தக் காலமும் ஆண்டுக்காண்டு மாறுகிறது.

தமிழ்நாட்டு மாணவியருக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. மாநிலக் கலந்தாய்வில் பி.எஸ்சி. நர்சிங் இடங்கள் ப்ளஸ் 2 மதிப்பெண் அடிப்படையில் நிரப்பப்படுகின்றன, நீட் தேவையில்லை. ஆகவே "நர்சிங்தானே, நீட் எதற்கு" என்ற பேச்சு பள்ளியிலும் வீட்டிலும் இயல்பாக எழும். ஆனால் நீட் விண்ணப்பம் முடியும் நாள் ப்ளஸ் 2 முடிவுக்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. 2024-ல் நீட் விண்ணப்பம் பிப்ரவரி 9-ல் தொடங்கி மார்ச் நடுவில் முடிந்தது. ப்ளஸ் 2 பொதுத்தேர்வு மார்ச் 1 முதல் 22 வரை நடந்தது. நீட் தேர்வு மே 5-லும், ப்ளஸ் 2 முடிவு மே 6-லும் வந்தன. மதிப்பெண் வந்தபின் இராணுவ நர்சிங் பற்றி யோசிப்பவருக்கு அந்த ஆண்டின் வழி ஏற்கெனவே அடைபட்டிருக்கும்.

நீட் வினாத்தாளைத் தமிழில் தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அடுத்து வரும் கணினித் தேர்வில் ஆங்கிலமே ஒரு பாடம். கல்லூரியில் கற்பித்தலும் ஆங்கிலத்திலேயே நடக்கும். தமிழ்வழியில் படித்த மாணவி பதினொன்றாம் வகுப்பிலிருந்தே நாள்தோறும் சிறிது ஆங்கிலம் வாசிப்பதும், தன்னைப் பற்றியும் தன் ஊரைப் பற்றியும் ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேசிப் பழகுவதும் பயன் தரும். முல்லைப் பெரியாறு நீர், திராட்சைத் தோட்டம், ஏலத்தோட்ட வேலை என்று அவள் நேரில் கண்டவற்றைப் பேசினால் மனப்பாடம் செய்த பதிலைவிட இயல்பாக வரும்.

நிச்சயமின்மை எங்கிருந்து வருகிறது

2024-ல் நீட் எழுதியவர்கள் 23 லட்சத்துக்கும் மேல். அவர்களில் சிறு பகுதியினரே இராணுவ நர்சிங்குக்கு விண்ணப்பிக்கிறார்கள் என்றாலும், இடங்கள் நாடு முழுவதற்கும் 220 மட்டுமே. சுருக்கப்பட்டியலுக்குத் தேவைப்படும் மதிப்பெண், அந்த ஆண்டு வினாத்தாளின் கடினத்தையும் விண்ணப்பித்தவர்களையும் பொறுத்தது. முந்தைய ஆண்டின் மதிப்பெண்ணை வைத்து "இது போதும்" என்றோ "இனி நடக்காது" என்றோ யாரும் உறுதி சொல்ல முடியாது.

கால அட்டவணையும் மாணவியின் கையில் இல்லை. 2024-ல் நீட் முடிவு சூன் 4 அன்று வந்தது; கருணை மதிப்பெண், வினாத்தாள் கசிவு வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை சென்று, திருத்திய முடிவு சூலை 26 அன்று வெளியாயிற்று. அந்த ஏழு வாரங்களில் நன்றாகப் படித்தவரும் சுமாராகப் படித்தவரும் ஒன்றுபோலக் காத்திருந்தனர்.

மருத்துவப் பரிசோதனை இன்னொரு திருப்பம். மதிப்பெண்ணும் நேர்காணலும் கைகூடியபின், பார்வைக் குறைபாடு, எடை, பல், காது, முதுகெலும்பு போன்ற காரணங்களால் ஒருவர் தகுதியற்றவர் என அறிவிக்கப்படலாம். இவற்றில் சில முன்கூட்டியே கவனித்தால் சரியாகக் கூடியவை. பதினொன்றாம் வகுப்பிலேயே கண், பல், காது, இரத்தச் சோகை ஆகியவற்றை அரசு மருத்துவமனையில் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். கானாவிலக்கிலுள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இம்மாவட்டத்தாருக்கு அருகில் உள்ளது. தகுதியின்மை அறிவிக்கப்பட்டால், மேல்முறையீட்டுக்கு வாய்ப்பு உண்டா, எத்தனை நாளுக்குள் என்பதை அங்கேயே எழுத்தில் கேட்டுக்கொண்டு திரும்ப வேண்டும்.

இணையாகச் செய்ய வேண்டியவை

காத்திருக்கும் காலத்தில் மனத்துக்குப் பெரும் ஆறுதல் தருவது, இன்னொரு இடம் கையில் இருப்பது. ஒரே ஆண்டில் கீழ்க்காணும் வழிகளையும் முயலலாம்.

மாநில மருத்துவக் கல்வி இயக்ககத்தின் தேர்வுக் குழு நடத்தும் துணை மருத்துவப் படிப்புக் கலந்தாய்வு முதலாவது. ப்ளஸ் 2 மதிப்பெண் போதுமானது. புதுச்சேரி ஜிப்மர், தில்லியிலுள்ள மத்திய அரசு நர்சிங் கல்லூரிகள் ஆகியவை நீட் மதிப்பெண்ணைப் பயன்படுத்துகின்றன. ஆகவே இராணுவத்துக்காக எழுதிய நீட் வீணாவதில்லை. எய்ம்ஸ் நிறுவனங்கள் தனித் தேர்வு நடத்துகின்றன. மாநில இடத்தில் சேர்ந்தபின் இராணுவ இடம் கிடைத்தால் மாறிக்கொள்ளலாம். ஆனால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா, அசல் சான்றிதழ்களை எப்போது திருப்பித் தருவார்கள் என்பவற்றைச் சேரும் நாளிலேயே கேட்டு வைக்க வேண்டும்.

சான்றிதழ் வேலையை முன்கூட்டியே முடிப்பதும் இதில் சேரும். பள்ளத்தாக்கின் பல பெற்றோர் விடியுமுன் ஜீப் ஏறிக் குமுளி, கம்பம்மெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குச் செல்பவர்கள். இ-சேவை மையத்துக்கு ஒருநாள் சென்றால் ஒருநாள் கூலி போகும். இருப்பிடம், சாதி, வருமானச் சான்றுகளை ஒரே நடையில் வாங்கி, பெயரும் பிறந்த நாளும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்வது நல்லது. எழுத்துப் பிழை திருத்தத்துக்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

நேர்காணல் தில்லி போன்ற தொலைநகரில் அமையக்கூடும். அகலப்பாதைப் பணிக்காக 2010-ன் இறுதியில் நிறுத்தப்பட்ட இரயில் போக்குவரத்து 2022 மே மாதம் தேனிக்கும், 2023 சூனில் போடிநாயக்கனூருக்கும் மீண்டும் வந்தது. இப்போது மதுரைக்கும் சென்னைக்கும் தேனியிலேயே வண்டி ஏறலாம். தில்லி செல்ல அங்கிருந்து மேலும் இரண்டு இரவுகள் ஆகும். துணைக்கு வருபவரின் செலவையும் சேர்த்து, பணத்தை முன்பே ஒதுக்கி வைக்க வேண்டும்.

வீட்டில் நடக்கும் பேச்சு

தேர்வு முடிவு தாமதமாகும்போது மாணவி சந்திக்கும் நெருக்கடி பல வீடுகளில் திருமணப் பேச்சாக வருகிறது. "ஒரு வருசம் சும்மா இருக்கிறாளே" என்ற உறவினர் சொல் பெற்றோரை அசைத்துவிடும். இராணுவக் கல்லூரிக்குத் திருமணமாகாதிருத்தல் நிபந்தனை என்பதால், அவசரத் திருமணம் அந்த வழியை முழுமையாக அடைத்துவிடும். இதனாலும் ஓராண்டை வெறுமனே விடாமல் கிடைத்த நர்சிங் இடத்தில் சேர்ந்துவிடுவது பாதுகாப்பானது. படித்துக்கொண்டிருக்கும் பெண்ணைப் பற்றி அந்தக் கேள்வி எழுவதில்லை.

பணியில் சேர்ந்தபின் திருமணம் செய்தால் வேலை போய்விடும் என்ற அச்சமும் சில பெற்றோரிடம் உண்டு. அதற்குப் பின்னால் உண்மை வரலாறு இருக்கிறது. 1977-ஆம் ஆண்டின் இராணுவ ஆணை ஒன்றைக் காட்டி, திருமணம் செய்ததற்காக லெப்டினன்ட் செலினா ஜான் 1988-ல் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார். அந்த ஆணை 1995-ல் விலக்கிக்கொள்ளப்பட்டது. 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அத்தகைய விதி தன்னிச்சையானது எனக் கூறி, அவருக்கு 60 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையிட்டது.

இடைத்தரகர்கள்

காத்திருப்போரின் பதற்றம் தரகர்களுக்கு வாய்ப்பாகிறது. இராணுவச் சேர்க்கைக்குப் பணம் வாங்கித் தர யாருக்கும் அதிகாரம் இல்லை. 2019-ல் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் வெளிவந்த நீட் ஆள்மாறாட்ட வழக்கு இம்மாவட்டத்தார் அறிந்ததே. முதலாண்டு மாணவரின் புகைப்படம் பொருந்தாததில் தொடங்கி, சி.பி.சி.ஐ.டி. விசாரணையாக விரிந்தது. குறுக்கு வழியில் கிடைத்த இடம் மாணவரையும் பெற்றோரையும் சேர்த்தே வழக்கில் நிறுத்தியது.

தேர்வாகாதபோது

உளவியல் மதிப்பீட்டிலோ நேர்காணலிலோ வாய்ப்பு நழுவினால், அதைத் தன் குணத்துக்குக் கிடைத்த மதிப்பெண்ணாக மாணவி எண்ணிவிடுவது இயல்பு. அப்படி அல்ல. குறிப்பிட்ட ஆண்டில், குறிப்பிட்ட எண்ணிக்கை இடங்களுக்கு ஒரு குழு எடுத்த முடிவு அது. இறுதிப் பட்டியலுக்குப் பின்னும் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அழைப்பு வரக்கூடும். கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்த அழைப்பை நம்பி வேறு கல்லூரியின் சேர்க்கை நாளைத் தவறவிடக் கூடாது.

உறக்கமின்மை, உணவில் விருப்பமின்மை, யாருடனும் பேசாமை போன்றவை சில நாள்களுக்கு மேல் நீடித்தால் வீட்டார் அதைப் பிடிவாதம் என்று கொள்ளாமல் உதவி தேட வேண்டும். தமிழ்நாட்டில் 104 என்ற எண்ணிலும், நாடு முழுவதற்குமான டெலி மானஸ் சேவையின் 14416 என்ற எண்ணிலும் மனநல ஆலோசனை கட்டணமின்றிக் கிடைக்கிறது, தமிழிலேயே பேசலாம்.

வெளிக் கல்லூரியில் நான்காண்டு நர்சிங் முடித்த பெண்ணுக்கு குறுகிய காலப் பணியமர்வின் வழியாக மீண்டும் இராணுவத்துக்கு விண்ணப்பிக்க வாய்ப்பு இருக்கும். அந்த அறிவிப்பு வராத ஆண்டிலும் தமிழ்நாடு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம், எய்ம்ஸ் நிறுவனங்கள் ஆகியவற்றின் செவிலியர் பணியிடங்களுக்கு அதே பட்டம் போதும். முதல் முறை கிடைக்காத மாணவி அந்த ஆண்டே செவிலியர் படிப்பில் சேர்ந்துவிடுவது, பின்னர் இந்த வழிகள் அனைத்தையும் திறந்து வைக்கும்.